கணினி மேசை: வெற்றுத் திரையில் ஒரு தமிழ்ப் பட்டியல்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அது முதல், வீட்டிலுள்ள பழங்கணினியை எடைக்குப் போட்டுவிடலாமா என்று அன்பர்கள் பலர் நம்மை வினவி வருகின்றனர். போட வேண்டா என்பதே நம் கருத்து. லினக்ஸை நிறுவி, அதன்மேல் ஓப்பன்பாக்ஸ் என்னும் எளிய சாளர மேலாளரை அமர்த்தினால், 2 ஜிபி நினைவகமே உள்ள பெட்டியும் கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் உதவும். இணைய உலாவியில் பல பக்கங்களை ஒருங்கே திறந்தால் திணறத்தான் செய்யும், அதனை மறைப்பதற்கில்லை.

ஓப்பன்பாக்ஸை முதன்முறை காண்போர் சற்றே திகைப்பர். கீழே பட்டை இராது, படக்குறிகள் இரா, திரை துடைத்துவிட்டாற்போல் வெறுமையாய் நிற்கும். அவ்வெற்றிடத்தில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்துக. ஒரு பட்டியல் விரியும். எல்லாம் அதனுள் அடக்கம். அப்பட்டியல் வெறும் உரைக்கோப்பு என்பதுதான் நமக்கு வாய்த்த நற்பேறு. அதனை யாரும் திருத்தலாம், எம்மொழியிலும் எழுதலாம்.

தமிழில் எழுதுக என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மாநில மொழியும் பயில்கின்றனர். தமிழ் அவர்தம் செவிக்கு மட்டும் சொந்தமாய் நின்றுவிடுகிறது. கடைப் பலகையில் தமிழ் இல்லை, பேருந்தில் இல்லை, ஞாயிறு வகுப்பில் கற்ற எழுத்து அடுத்த ஞாயிறு வரை கண்ணில் படுவதே இல்லை. நாள்தோறும் பத்து முறை திறக்கும் பட்டியலில் ‘எழுது’, ‘வரை’, ‘படங்கள்’ என்றிருந்தால், படி என்று சொல்லாமலே பிள்ளை படித்துவிடும். ஆங்கிலம் அறியாத பாட்டியாரும் பிறர் துணையின்றிப் பேரனின் படத்தைத் திறந்து பார்ப்பார்.

எல்லாச் சாளர மேலாளரும் தமிழைச் செவ்வனே காட்டுவதில்லை. ‘கெ’ என்று நாம் எழுதும்போது கணினி ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னுமாகவே சேமிக்கிறது. திரையில் காட்டுகையில் கொம்பை முன்னே கொணர வேண்டும். அதைச் செய்யாத நிரல்களில் கொம்பு தனியே விலகி நிற்கும். ஓப்பன்பாக்ஸ் எழுத்துகளைப் பாங்கோ என்னும் நிரலகத்தின் வழியே வரைவதால் இக்குறை அதில் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்று நிறுவப்பட்டிருந்தால் போதும்.

இனிச் செய்முறை. இடிசி அடைவினுள் எக்ஸ்டிஜி, அதனுள் ஓப்பன்பாக்ஸ் என்னும் அடைவில், மெனு என்ற பெயரில் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று இருக்கும். அதனை நம் இல்ல அடைவில், புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் என்ற மறைவு அடைவினுள் ஓப்பன்பாக்ஸ் என ஓர் அடைவு அமைத்து, அங்கே படியெடுத்துக்கொள்க. மூலத்தைத் தொட வேண்டா. படியைத் திறந்தால் ஒவ்வோர் உருப்படிக்கும் ‘லேபிள்’ என ஓரிடமும் ‘கமாண்டு’ என ஓரிடமும் காணப்படும். முன்னதில் தமிழ்ப் பெயரை இடுக. பின்னதில் உள்ள கட்டளை ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். திறந்த கோணக்குறி ஒவ்வொன்றும் முறையாக மூடப்பட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கோப்பு பிழைபட்டுப் போகும். நாட்கணக்கில் ஒரு வரி விட்டவர் படும் பாடுதான்!

எந்த நிரலுக்கு எந்தக் கட்டளை என்று மயங்குவோர், யுஎஸ்ஆர் அடைவில் ஷேர், அதனுள் அப்ளிகேஷன்ஸ் என்னும் அடைவைப் பார்க்க. நிரலுக்கொரு சிறு கோப்பு அங்கே இருக்கும்; ‘எக்ஸெக்’ என்று தொடங்கும் வரியே கட்டளை. அதன் கடைசியில் விழுக்காட்டுக் குறியோடு ஓர் எழுத்து நின்றால் அதை நீக்கிவிடுக. அக்கோப்புகள் பலவற்றில் தன்னார்வலர் ஆக்கிய தமிழ்ப் பெயரும் உண்டு. எழுதி முடித்தபின் முனையத்தில் ஓப்பன்பாக்ஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு, இரு சிறு கோடுகளுடன் ‘ரீகான்ஃபிகர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் புதிய பட்டியல் நடப்புக்கு வரும்.

நிறுவிய நிரல்கள் அனைத்தையும் தாமே திரட்டிப் பட்டியலிடும் கருவிகளும் உள. நாம் அவற்றை விரும்புவதில்லை. அறுபது பெயர் கொண்ட பட்டியல் யாருக்கு உதவும்? ஏழெட்டுப் போதும், முனையம் முதலியன உட்பட்டியலில் கிடக்கட்டும். ‘வெளியேறு’ என்பது அமர்வை மட்டுமே முடிக்கும், கணினி அணையாது. ஆதலின் ‘கணினியை அணை’ என்று வேறோர் உருப்படி இட்டு, ‘சிஸ்டம்சிடிஎல் பவர்ஆஃப்’ என்னும் கட்டளையை அதற்குத் தருக. பிள்ளையின் விரல் தவறிப் படாதவாறு அதனை இடைக்கோட்டுக்குக் கீழே வைத்தல் நலம்.

சொற்களில் அவரவர் வீட்டு வழக்கே தலைமை பெறுக. ‘கணிப்பான்’ நம் வீட்டில் எடுபடவில்லை; ‘கணக்கு’ என்றதும் எல்லாரும் புரிந்துகொண்டனர். ‘உலாவி’யா, ‘இணையமா’ என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அன்பர்கள் தத்தம் பட்டியலில் இட்ட பெயர்களை எழுதியனுப்பினால் வரும் திங்கள் இப்பகுதியில் வெளியிடுவோம்.