சென்னை கிட்ட, நெடுந்தீவு எட்ட!

சென்னைக்கும் பலாலிக்கும் இடையிலுள்ள வான்வழித் தூரம் ஏறக்குறைய 360 கிலோமீற்றர். விமானம் அதனை ஒன்றேகால் மணி நேரமளவில் கடந்துவிடுகின்றது. நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாண நகருக்கும் இடையிலுள்ள தூரமோ, நேர்கோட்டில் அளந்தால், 40 கிலோமீற்றர்தானும் இல்லை. ஒன்பதில் ஒரு பங்கு! ஆயினும், நெடுந்தீவு மகன் மாவிலித்துறையில் படகேறி, ஒரு மணி நேரம் அலையில் ஆடிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணையை அடையும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிடுகின்றது. படகுக்குக் காத்துக் கிடந்த நேரத்தை நாம் இக்கணக்கில் சேர்க்கவில்லை. விமானப் பயணியும் முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறாரே என்று வழக்காடுவார் உளர். காத்திருக்கட்டும், அவருக்கு இருக்கையும் கூரையும் உண்டு.

விமான சேவைக்கு நாம் பகைவரல்லர். 1947 டிசெம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பின்னாளில் அற்றுப்போன அத்தொடர்பு 2019 ஒக்ரோபரில் மீண்டது. நோய்த்தொற்றினால் 2020இல் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடி தொடர்ந்தது. மகிழ்ந்தோம். ஆனால், அயல்நாட்டுக்கு வழி சமைக்க வல்ல அரசு, தன் ஆட்சிக்குட்பட்ட தீவுக்கு வழி சமைக்க வல்லதன்று என்றால் அதனை நம்புவார் யார்?

படகுக்குப் பஞ்சம் என்பதும் பொருந்தாது. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவானில் படகுகள் நிறைகின்றன. நாகவிகாரையை வழிபடத் தென்னிலங்கையிலிருந்து வருவோருக்கும் படகுண்டு. அடியார் செல்லட்டும், அதில் நமக்குக் குறையில்லை. வருவோர் திரண்டால் வழி திறக்கின்றது, வாழ்வோர் சிலரானால் அடைபடுகின்றது என்பதே நம் முறைப்பாடு.

இலங்கை முழுவதும் நடமாடும் சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் உறுதி செய்கின்றது. “தடுக்கமாட்டோம் என்பதே இதன் பொருள், படகு தருவோம் என்பதன்று” என அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்து கூறலாம். சட்டத்தின் எழுத்துக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால், கடல் சூழ வாழ்பவனிடம் “உன்னை யார் தடுத்தார்?” என்று கேட்பது, கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கொடாமல் “ஏறிவர உனக்கு முழு உரிமையுண்டு” என்பதற்கு ஒப்பாகும். கொழும்பைக் கேட்டால் மாகாணத்தைக் காட்டுவர். அம்மாகாண சபையோ 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது!

நம் பிரமுகர்களும் நிரபராதிகளல்லர். சென்னைப் பயணத்தின் நிமிடங்களை மேடையில் எண்ணிக் காட்டுவோர் நெடுந்தீவுப் படகு புறப்படும் நேரத்தை அறியார். வாடைக்காற்று வலுத்த இரவில் ஒரு பெண்ணுக்குப் பேற்றுவலி கண்டால், கடற்படையின் படகை இரந்து நிற்கவேண்டிய நிலையில் அக்குடும்பம் இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

நாம் கேட்பது தயவன்று. படகுச் சேவையின் நேர அட்டவணை சட்டவலுவோடு வர்த்தமானியில் வெளிவரட்டும். அது தவறினால் பொறுப்புக் கூறவேண்டிய அதிகாரி யார் என்பதும் அதிலேயே எழுதப்படட்டும். நோயாளரை ஏற்றுவதற்கென ஒரு படகு, எரிபொருளோடும் ஓட்டியோடும், இரவு பகல் மாவிலித்துறையில் ஆயத்தமாக நிற்கட்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் தீவக மக்கள் முதலில் கேட்கவேண்டியது இவற்றையே.