முற்றத்து வெயில்

காவிரிப் படுகையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும், கால் வளைந்த குழந்தைகளை ஆங்காங்கே இன்றும் காண்கிறோம். வளைந்த எலும்பு வளைந்ததுதான் என்று மூத்தோர் சிலர் மனம் தளர்கின்றனர். அவ்வாறு தளர வேண்டுவதில்லை.

ரிக்கெட்ஸ் நோயில் எலும்பு அழிவதில்லை, முற்றாமல் நிற்கிறது. எலும்பு முனையை அடுத்த குருத்தெலும்பு பெருகிக்கொண்டே போகும். சுண்ணாம்பும் பாஸ்பரசும் அதில் வந்து படியா. பால் பிடிக்காத நெற்கதிர் போன்றது எனலாம். வைட்டமின் டியும் சுண்ணாம்புச் சத்தும் கிடைத்தால் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். எக்ஸ்ரே படத்தில் எலும்புத் தண்டிற்கு அப்பால், சிறு இடைவெளி விட்டு, வெண்கோடு ஒன்று முதலில் தோன்றும். புதிதாகப் படிந்த சுண்ணாம்பே அது. பின்னர் இடைவெளி தூர்ந்து, கோடு தண்டோடு ஒன்றிவிடும். வளைவு நிமிர மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். இளமையிலேயே மருத்துவம் தொடங்கினால் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது.

வெயில் நாட்டில் இந்நோய் ஏன்? பம்பாய் மாகாணத்து நாசிக்கில் ஆராய்ந்த ஹட்சிசனும் ஷாவும் 1922இல் விடை தந்தனர். கோஷா காத்த வசதியான குடும்பங்களில், இந்து முஸ்லிம் வேறுபாடின்றி, இந்நோய் மிகுந்திருந்தது. எளிய உணவுண்டு வெளியில் உழைத்த ஏழையரிடம் அரிதாகவே இருந்தது.

இதைக் காட்டிக் கோஷாவைப் பழிப்போருடன் நாம் உடன்படவில்லை. தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளில் வானம் பார்த்த முற்றம் இருந்தது. நம் உம்மாமார் அங்கே நெல் காய வைத்தனர்; மறைவும் இருந்தது, வெயிலும் கிடைத்தது. இன்று கூத்தாநல்லூர் முதல் அதிராம்பட்டினம் வரை அயல்நாட்டுப் பணத்தில் எழும் வீடுகள் பலவற்றில் முற்றத்தைக் கான்கிரீட் மூடிவிட்டது. முற்றத்தை இழந்துவிட்டுத் திரையைக் குறைகூறுவது என்ன நியாயம்?

குழந்தையை இளவெயிலில் கிடத்தும் வழக்கம் நல்லதே. எனினும் வைட்டமின் டியை உண்டாக்கும் கதிர் அதிகாலையில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகும் வேளையில்தான் அது போதிய அளவு கிடைக்கிறது. கண்ணாடிச் சன்னல் அதைத் தடுத்துவிடும். தாய்ப்பாலிலும் அச்சத்து சொற்பமே. ஆதலால் மருத்துவர் தரும் சொட்டு மருந்தை மறுத்தல் தகாது.

உணவையும் சொல்ல வேண்டும். தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பம். 100 கிராம் கேழ்வரகிலோ 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. நெற்களஞ்சியத்தில் பிறந்த பெருமையால் கேழ்வரகுக் கூழைத் தாழ்வாக எண்ணிவிட்டோம்!

புதுமனை கட்டுவோர் கொத்தனாருடன் அமர்ந்து திட்டமிடும்போதே, சிறு முற்றமொன்றை ஒதுக்க வேண்டுகிறோம். இடமில்லையெனில் மொட்டை மாடியில் ஆளுயரச் சுவர் எழுப்பலாம். நம் ஜமாஅத்தார் இதனை ஊராரிடம் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.