ஊட்டிக்கு முன்னால் தேவனாம்பட்டினம்

ஜனவரி பிறந்துவிட்டால் கடலூர்ப் பள்ளிகளின் வாசலில் விடியற்காலையிலேயே சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும். ஊட்டி, கொடைக்கானல், மைசூர். கொஞ்சம் வசதியான பள்ளி என்றால் பெங்களூருக் கேளிக்கைப் பூங்கா. பிள்ளைகள் போய் வரட்டும். கடற்கரையில் வளர்ந்த பிள்ளை மலையையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வரலாறு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. என் வகுப்பைக் கடந்து போனவர்கள் கர்நாடகப் போர்களின் ஆண்டுகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்தப் போர்களில் பெயர் அடிபட்ட கோட்டை தங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

கடலூர் மாவட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு முழு நாள் தன் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். விருப்பமுள்ள ஆசிரியர் வாய்த்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று இதை விடக்கூடாது. பள்ளிக்கல்வித் துறை இதை ஆண்டுத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்தே தொடங்கலாம். வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் சுண்டல் வாங்கி, அலையில் கால் நனைத்துத் திரும்பிவிடுகிறார்கள். கெடிலம் கடலோடு கலக்கும் அந்தப் பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. எல்லை குறித்த விதம்தான் வேடிக்கை. கோட்டையிலிருந்து நாலாபுறமும் பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்குமான ஊர்களையெல்லாம் கம்பெனி எடுத்துக்கொண்டது. ‘குண்டு கிராமங்கள்’ என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். “அப்போ எங்க ஊரும் குண்டு விழுந்த ஊரா டீச்சர்?” என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகவே நான் அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் காத்திருந்து நடத்தினேன்.

1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அதன்பிறகு ஆறு ஆண்டுகள், 1752 வரை, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் தேவனாம்பட்டினம்தான். 1756இல் ராபர்ட் கிளைவ் இந்தக் கோட்டையின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே வங்காளத்தில் பிளாசிப் போர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். ஒரு துணைக்கண்டத்தின் தலையெழுத்தை மாற்றியவர்கள் நடந்து திரிந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பவை சிதைந்த சுவர்களும் செங்கல் மேடுகளும்தான். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். எனக்கு முன்னால் ஓடி வழி காட்டியவன் ஒரு மீனவர் வீட்டுப் பையன். எந்த மேட்டில் பழைய செங்கல் கிடக்கும், எங்கே பார்த்துக் கால் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தேர்வில் திணறும் அந்தப் பையன் அன்று எங்கள் எல்லோருக்கும் ஆசிரியராக இருந்தான்.

அதே கரைக்கு அதைவிடப் பழைய கதையும் உண்டு. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்ததாகவும், அந்தக் கல்லே தெப்பமாகி அவர் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் வந்து ஏறியதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அவர் ஏறிய இடத்தின் பெயர் கரையேறவிட்டகுப்பம். பெயர்ப்பலகையைத் தினமும் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு அதை நின்று சொல்ல ஆள் வேண்டாமா?

26 டிசம்பர் 2004 அன்று அதே கடல் எழுந்து வந்து இந்த மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் பெண்கள் ஆண்டுதோறும் அந்த நாளில் கடலில் பால் ஊற்றி அழுகிறார்கள். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பக்கத்து பெஞ்சில் உட்காரும் தோழியின் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஏன் தொங்குகிறது என்பதை வகுப்பறையில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று. புதுமைப்பித்தன் பிறந்தது 25 ஏப்ரல் 1906, திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது 24 ஏப்ரல் 1934, மஞ்சக்குப்பத்தில். கெடிலத்தைக் கடந்தால் ஒரு பேட்டையிலிருந்து மற்றதுக்கு நடந்தே போய்விடலாம். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய பெயர்களை ஒரே ஊர், அதுவும் அடுத்தடுத்த தேதிகளில் தந்திருக்கிறது. வேறெந்த ஊருக்கும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஊரே விழாக் கோலம் பூண்டிருக்கும். இங்கே அந்தத் தேதிகள் ஆண்டுத் தேர்வுக்கும் கோடை விடுமுறைக்கும் நடுவில் சத்தமில்லாமல் போய்விடுகின்றன.

பாரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து வெளியே வந்தவரை 1918 நவம்பர் 20 அன்று பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். டிசம்பர் 14 அன்றுதான் விடுதலை. நடுவில் வருவது டிசம்பர் 11, அவருடைய பிறந்தநாள். முப்பத்தாறு வயது நிறைந்த அந்த நாளை அவர் கடலூர்ச் சிறைக்குள் கழித்தார். மாவட்டம் முழுக்க டிசம்பர் 11 அன்று பிள்ளைகள் முண்டாசு கட்டி, மீசை வரைந்து மேடையேறுகிறார்கள். அவர்களில் ஒரு வகுப்பையாவது, முறையான அனுமதியோடு, அந்த நாளில் சிறைவாசல் வரைக்கும் அழைத்துப்போய் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அடுத்த முறை முண்டாசு கட்டும்போது அந்தப் பிள்ளையின் குரலே வேறாக இருக்கும்.

முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள், 1927இல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் குடும்பத்தோடு இறங்கிச் சிறை சென்றவர். இவரைப் பற்றியும் எங்கள் பிள்ளைகள் பிறந்த மண்ணில் நின்று கேட்க வேண்டும்.

சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகாதீர்கள், ரயிலில் கூட்டிப்போங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த நாட்களில் மீட்டர் கேஜ் பாசஞ்சர்தான் எங்களுக்குக் கதி. திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் துறைமுகம் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். பரங்கிப்பேட்டையில் மீன்கூடைகளோடு பெண்கள் ஏறுவார்கள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நாங்கள் நகர்ந்து உட்கார்ந்தால், “கருவாடு உன்னக் கடிச்சிடாது கண்ணு” என்று சிரிப்பார்கள். இன்று அகலப் பாதை வந்துவிட்டது, ஊர்கள் அதே வரிசையில்தான் வருகின்றன. அந்த வரிசையே ஒரு பாடம். பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். 1830களில் அங்கே ஓர் இரும்பு ஆலை புகைந்தது. இன்று அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளாற்றுப் பாலத்தின் மீது ரயில் போகும்போது இத்தனையையும் ஜன்னல் வழியே கை நீட்டிச் சொல்லிவிடலாம்.

சிதம்பரத்தில் கோயிலுக்குப் போகாத பிள்ளை இருக்காது. கோபுர வாயிலில் நூற்றெட்டுக் கரணங்களைக் காட்டி, நடனம் கற்கும் பிள்ளையை நாலு நிலையாவது நின்று காட்டச் சொல்லுங்கள். பிறகு கோயிலைவிட்டு வெளியே வந்து ஓமக்குளத்துக்கு நடந்து போங்கள். நந்தனார் தீயில் இறங்கியதாக நம்பப்படும் இடம் அது. தீயில் இறங்கித்தான் ஒரு பக்தன் உள்ளே வர முடிந்தது என்ற கதையை எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்காமல் கடக்கக் கூடாது. 1916இல் சுவாமி சகஜானந்தர் அதே நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். கோபுரத்தையும் அந்தப் பள்ளியையும் ஒரே நாளில் பார்க்கிற பிள்ளைக்குச் சிதம்பரம் முழுசாகத் தெரியும்.

அண்ணாமலை நகரில் ராஜேந்திரன் சிலை முன் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட மாணவர் அவர். நான் படித்த காலத்தில் அந்தச் சிலையைத் தாண்டாமல் வகுப்புக்குப் போனதில்லை. சாகும்போது அவருக்கு ஏறக்குறைய எங்கள் வயதுதான் என்பது முதல் நாளே மனதில் தைத்துவிட்டது, இன்றுவரை எடுபடவில்லை.

பிச்சாவரத்துக்கு எல்லோரும் போகிறார்கள், படகில் ஏறிப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ எடுத்த இடம் என்று படகுக்காரரே சொல்லிவிடுவார். சுனாமி அன்று சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பியதையும், காய்ந்துபோன காட்டுக்குள் கால்வாய் வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டு வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அதை மறுபடி வளர்த்ததையும் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்று நிற்பதும் இந்தக் காட்டில்தான்.

இதையெல்லாம் நான் பேசும்போது தலைமை ஆசிரியர்கள் சொல்லும் தடைகள் நியாயமானவை. கோட்டை மேட்டில் நிழல் கிடையாது, குடிநீர் கிடையாது, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. என்ன இடம் என்று சொல்லும் நல்ல தமிழ்ப் பலகை பல இடங்களில் இல்லை. நாற்பது பிள்ளைகளைக் கடலோரம் அழைத்துப்போய் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? பெற்றோரும் “காசு கொடுத்துத் தேவனாம்பட்டினமா?” என்று கேட்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் முதல் மூன்றும் ஒரு நிதியாண்டில் தீரும். பலகை எழுத அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையும் கடலூர் அரசு அருங்காட்சியகமும் இருக்கின்றன. மாணவருக்குக் கட்டணமில்லாமல் ஒரு நாளைக்கு அரசுப் பேருந்து தருவது பெரிய செலவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கும் கவலை வேண்டாம். கடலூர் வட்டாரத்தை ஒரு நாளும் சிதம்பரத்தை இன்னொரு நாளும் பார்க்கும் பள்ளிகள், முதல் நாள் மதியம் வடலூருக்கு வண்டியைத் திருப்பலாம். 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிவைத்த தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. யார் என்ன சாதி என்று கேட்காமல் சோறு போடும் இடம் அது.

என்னைப் போல் ஓய்வுபெற்ற வரலாற்று, தமிழ் ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறோம். பேருந்துக்கு ஒருவராக வழிகாட்ட எங்களைக் கூப்பிடுங்கள். சம்பளம் வேண்டாம். வரும் டிசம்பரில் எந்த அரசுப் பள்ளி முதலில் புறப்படுகிறதோ, அந்த வண்டியில் தேவனாம்பட்டினம் வரை நான் வருகிறேன்.