ஆய்கிற கைகள்



விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் விலைப்பட்டியலில் அதுவே மணிலா. பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர் மணிலாக்கொட்டையாகி, வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. பயிரின் பெயர் கப்பலேறி வந்தாலும், அதில் செய்கிற வேலைக்கு நம் சனங்கள் கையிருப்புச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். "அண்ணி, நாளைக்கு மல்லாட்டை ஆய வரீங்களா?"

பிடுங்கிய செடிகளை மர நிழலில் குவித்துப் பெண்கள் சுற்றி உட்காருவார்கள். இடக்கையில் ஒரு பிடி செடி. ஓர் உதறலில் மண் உதிரும். வலக்கை விரல்கள் வேருக்குள் புகுந்து முற்றிய காயைக் கிள்ளிக் கூடையில் போடும். பிஞ்சும் சொத்தையும் கொடியோடு மாட்டுக்குப் போகும். ஊர்க்கதை ஓயாது, விரலும் நிற்காது. எடுப்பதும் தரம் பார்ப்பதும் ஒரே அசைவில் முடிவதால்தான் இதைப் பறிப்பது என்று சொல்லாமல் ஆய்வது என்கிறார்கள். வீட்டில் கீரை ஆய்வதும் இப்படித்தானே!

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், 'ஆய்' என்ற வினைக்குப் பறித்தல், தெரிந்தெடுத்தல், ஆராய்தல், நுணுகுதல் எல்லாமே பொருள்தான். நுணுக்கத்தைக் குறிக்கும் சொற்களில் ஒன்றாகத் தொல்காப்பியமே இதைச் சொல்கிறது. ஆராய்ச்சியும் ஆட்சியரின் திடீர் ஆய்வும் காவல் ஆய்வாளரும் இதே வேரில் காய்த்தவை.

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த நிலக்கடலை ரகங்களின் பெயரில் உள்ள 'டிஎம்வி' திண்டிவனத்தின் சுருக்கமே. 1940இல் வந்த டிஎம்வி 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து நல்ல செடிகளைத் தெரிந்தெடுத்து உருவாக்கிய ரகம். 1967இல் வந்த டிஎம்வி 7உம் தெரிவு முறையில் கிடைத்ததுதான். ஆயிரம் செடிகளில் நல்லதைக் கண்டு பிரிப்பதே அங்கும் வேலை. வரப்பில் அது ஆய்தல், வாசல் பலகையில் ஆராய்ச்சி.

ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு வினை இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'லெசன்' என்றால் பொறுக்கிச் சேர்த்தல். பிற்காலத்தில் அது 'லீஸ்' என்றாகி, அறுத்த வயலில் சிந்திய கதிரை ஏழைகள் பொறுக்குவதைக் குறித்தது. குத்தகையைக் குறிக்கும் லீஸ் வேறு, அது பிரெஞ்சு வழி வந்தது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்புச் சொல் பொறுக்குதல், வாசித்தல் என்னும் இரண்டு பொருளோடும் இன்றும் வாழ்கிறது; திராட்சை அறுவடைக்கும் அதே சொல், புத்தகம் படிக்கவும் அதே சொல். ஆங்கிலமோ வாசிப்புக்கு 'ரீட்' என்பதை வைத்துக்கொண்டது. அறிவுரை சொல்லுதல், புதிரை அவிழ்த்தல் என்பவையும் அதன் பழைய பொருள்கள். கதிர் பொறுக்கும் வழக்கம் போனதும், கிராமத்து வாயில் மிச்சமிருந்த 'லீஸும்' மெல்ல மறைந்தது.

இங்கேயும் கடலைக் காய் பிரிக்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. வேண்டாம் என்று யார் சொல்வார்? நாள் முழுக்கக் குந்தியிருந்து ஆய்ந்தவர்களின் இடுப்பு வலி அவர்களுக்குத்தான் தெரியும். வலி போகட்டும்; சொல் இருக்கட்டும். ஆராய்ச்சி என்ற சொல் இருக்கும்வரை 'ஆய்' சாகாது, உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் மட்டும் வாழும் சொல்லுக்கு மண்வாசனை இராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கைவேலைகளுக்குச் சொல்லும் வினைச்சொற்களை எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், என்ன வேலை, கை எப்படி அசையும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அகராதியில் இல்லாததாக இருந்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி.

அன்புடன்,
ஆசிரியர்