உச்சமுனைத் தாய்க்கு யார் பொறுப்பு?

தாய்மார் நலத்தில் இலங்கை ஆசியாவுக்கே வழிகாட்டி என்று மந்திரிமார் மேடைதோறும் முழங்குகின்றனர். அம்முழக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1930 ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மாரைப் பறிகொடுத்த நாடு இது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியது, மருத்துவிச்சிமார் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடந்தனர், மலேரியா அடக்கப்பட்டது, பிள்ளைப்பேறு வைத்தியசாலைக்கு வந்தது. 2020 ஆம் ஆண்டுக்கென ஐக்கிய நாடுகள் அமைப்புகள் கணித்த தொகை இலங்கைக்கு 29; உலகச் சராசரியோ 223. இப்பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அதை ஈட்டித் தந்தவர்கள் மேடையில் முழங்குவோர் அல்லர், குடையும் பையுமாக ஒழுங்கைகளில் நடந்த மருத்துவிச்சிமாரே என்பதை மட்டும் நினைவூட்டி, நம் வழக்கைத் தொடங்குகின்றோம்.

சராசரி என்பது நாட்டின் கணக்கு. மரணம் என்பது ஒரு வீட்டின் கணக்கு. கொழும்பிலே பெரிய வைத்தியசாலையின் வாசலில் வாழும் தாயும் இந்தச் சராசரிக்குள் அடக்கம்; கற்பிட்டிக்கு வடக்கே, குடாவுக்கும் பெருங்கடலுக்கும் இடையே மணற்றிட்டாய்க் கிடக்கும் உச்சமுனையில் வாழும் மீனவத் தாயும் அதற்குள் அடக்கம். முன்னவளுக்கு வலி கண்டால் வீதி இருக்கின்றது. பின்னவளுக்கு முதலில் வள்ளம் வேண்டும். வள்ளத்துக்கு எண்ணெய் வேண்டும். அதை ஓட்டத் துணிந்த கை வேண்டும். சோளகக் காற்று சீறும் மாதங்களில் கடலின் இரக்கமும் வேண்டும். கற்பிட்டித் துறையை அடைந்த பின்னும் பயணம் முடிந்ததா? அங்கே இயலாதெனில் பாலாவி வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதி. அதன் பின் புத்தளம். அங்கும் இயலாதெனில் சிலாபம். இத்தனையும் இரத்தம் பெருகிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் பயணம்.

"எட்டாத் தொலைவிலுள்ள சிறு தீவு, அரசாங்கம் என்செய்யும்?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நாம் நினைவூட்டுவோம். மின்சாரம் வேண்டியபோது இதே கற்பிட்டிக் கரை அரசாங்கத்துக்குத் தொலைவாய்த் தோன்றவில்லை. நுரைச்சோலையிலே 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் எழுந்தது. 2011 முதல் அங்கிருந்து நாட்டுக்கு மின்சாரம் போகின்றது. வெளிநாட்டு உல்லாசப் பயணிகளின் பணம் வேண்டியபோதும் தொலைவு தடையாகவில்லை. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிப் பெருந்திட்டம் தீட்டினர். விடுதிகளும் விமானத் தளமும் வரைபடத்தில் முளைத்தன. மீனவர் தம் துறைகளுக்காகவும் வாடிகளுக்காகவும் போராட நேர்ந்தது. நீலக் கடலைப் பார்த்து மகிழ வருபவருக்கு விமானத் தளம் வரையத் தெரிந்த கைகளுக்கு, அக்கடலைக் கடந்து பிள்ளை பெறப் போகும் பெண்ணுக்கு ஒரு படகுத்துறையும் ஒரு வைத்தியப் படகும் வரையத் தெரியாது போனது ஏன்?

இது வெறும் இரக்கத்தின் வழக்கன்று, ஆராய்ச்சியின் வழக்கு. 2015 ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ ஏடு அமைத்த உலக சத்திரசிகிச்சை ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான, தாங்கக்கூடிய செலவிலான சத்திரசிகிச்சை கிட்டவில்லை என்று அது கணக்கிட்டது. வயிற்றைத் திறந்து செய்யும் அவசர சிகிச்சை, எலும்பு வெளிப்பட்ட முறிவுக்கான சிகிச்சை, சிசேரியன் என்னும் மகப்பேற்றுச் சத்திரசிகிச்சை ஆகிய மூன்றையும் செய்யவல்ல இடத்தை மக்கள் இரண்டு மணி நேரத்துள் அடைய வேண்டும் என்று அளவுகோல் வைத்தது. ஒவ்வொரு நாட்டிலும் 2030க்குள் நூற்றுக்கு 80 பேருக்கேனும் இவ்வசதி கிட்ட வேண்டும் என்றது. நம் ஆட்சியினர் அந்த எண்பதை எண்ணி மகிழ்வர். எஞ்சிய இருபதில் யார் நிற்கின்றனர் என்பதே நமது கேள்வி. ஒவ்வொரு முறையும் அதே தீவாரும் அதே தோட்டத்தாரும் அதே காட்டோரத்தாருமே அந்த இருபதுக்குள் தள்ளப்படுவாராயின், அதன் பெயர் கணிதமன்று, பாரபட்சம்.

மகப்பேற்றில் தாயைக் கொல்லும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று குருதிப்பெருக்கு. அதனைத் தடுக்க உதவும் திரனெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தின் ஆற்றலை ஜப்பானிய மருத்துவர் உத்தாக்கோ ஒக்கமோத்தோவும் அவர் கணவரும் 1962 இலேயே வெளியிட்டனர். பிள்ளை பெற்ற பெண்களில் அதன் பயனை உறுதி செய்த பெருஞ்சோதனை 2017 இலேதான் வெளிவந்தது: 21 நாடுகள், 193 வைத்தியசாலைகள், 20,060 பெண்கள். பிள்ளை பிறந்து மூன்று மணி நேரத்துள் மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே குருதிப்பெருக்கால் நிகழ்ந்த இறப்பு நூற்றுக்கு 1.7 இலிருந்து 1.2 ஆகக் குறைந்தது. மறு ஆண்டு வெளியான மற்றொரு கணக்கு, ஒவ்வொரு 15 நிமிடத் தாமதமும் பயனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அழிக்கின்றது என்றும், மூன்று மணி நேரம் கடந்தால் பயனே இல்லை என்றும் காட்டிற்று. 2023 இல் கென்யா, நைஜீரியா, தன்சானியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் 80 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு வெளிவந்தது. சிந்தும் இரத்தத்தை அளக்கக் கோடிட்ட ஒரு விரிப்பை இட்டு, பெருக்கைக் காலத்தோடு கண்டு, செய்ய வேண்டிய சிகிச்சைகள் அனைத்தையும் ஒருங்கே செய்தபோது, கடும் குருதிப்பெருக்கும் அதன் கேடுகளும் 60 சதவீதம் குறைந்தன. இங்கே வேலை செய்தவை கோடி ரூபாய் இயந்திரங்கள் அல்ல; ஒரு விரிப்பு, சில மருந்துகள், பயிற்சி பெற்ற மருத்துவிச்சியின் கை.

ஆகவே, "ஒவ்வொரு தீவிலும் சத்திரசிகிச்சைக் கூடம் கட்ட முடியுமா?" என்ற ஏளனக் கேள்வி நம்மிடம் செல்லாது. கூடம் கட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. கியூபா 1962 முதலே தாய்மார் தங்கும் இல்லங்களை நிறுவியது. தொலைவிலுள்ள கர்ப்பிணிகள் பேறுகாலம் நெருங்குமுன் வந்து வைத்தியசாலைக்கு அருகே தங்கினர். வலி வந்தபின் மலையும் ஆறும் கடக்க வேண்டிய அவலம் தீர்ந்தது. அதுபோன்ற ஓர் இல்லம் கற்பிட்டித் தீவுகளின் பெண்களுக்கென வைத்தியசாலையை அடுத்து அமையலாகாதா? வீதியில் ஓடும் 1990 சுவசெரிய வாகனம் 2016 இல் தொடங்கி நாடெங்கும் பரவியது, நன்று. வீதியே இல்லாத இடத்துக்கு அந்த இலக்கத்தை அழைத்தால் வரவேண்டியது எது? சக்கரம் அன்று, படகு.

இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டோம். மகப்பேற்றுச் சத்திரசிகிச்சை நூற்றுக்குப் பத்தைக் கடந்து பெருகுவதால் மட்டும் ஒரு நாட்டில் தாய் சேய் இறப்புக் குறைந்துவிடுவதில்லை என்று 2015 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இலங்கையிலோ அந்த வீதம் முப்பதையும் தாண்டி நிற்கின்றது. ஆயுதம் ஓரிடத்தில் தேவைக்கு மிஞ்சி ஓடுகின்றது. மற்றோரிடத்தில் வேண்டிய நேரத்தில் எட்டுவதில்லை. நகரத்திலே வயிறு கீறும் நாளைச் சோதிடர் குறித்துக் கொடுக்கும் காலத்தில், தீவிலே அந்த நாளைக் கடல் குறிக்கின்றது. சத்திரசிகிச்சையின் தொகையைக் காட்டி நம்மை மயக்க வேண்டா; அது யாருக்கு, எப்போது, எத்தனை மணி நேரத்துள் கிட்டியது என்று காட்டுக.

சட்டம் என்ன சொல்கின்றது? 1978 அரசியலமைப்பில் சுகாதாரம் அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. 27 ஆம் உறுப்புரை நல்ல நோக்கங்களை அடுக்குகின்றது. 29 ஆம் உறுப்புரையோ அவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்தலாகாது என்று கதவைச் சாத்துகின்றது. ஆயினும் 12 ஆம் உறுப்புரை திறந்தே இருக்கின்றது: சட்டத்தின் முன் யாவரும் சமம். 1980 இல் இலங்கை ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கை, விஞ்ஞான முன்னேற்றத்தின் பயனைத் துய்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென்று 15 ஆம் உறுப்புரையிலே கூறுகின்றது. பிறேசில் நாட்டில் அலின் ட சில்வா பிமென்ரெல் என்னும் ஏழைக் கறுப்பினப் பெண் 2002 இல், வேறு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வாகனமின்றி மணிக்கணக்காகக் காத்திருந்து, பின் மாண்டாள். பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழு 2011 இல் அம்மரணத்துக்கு அந்நாட்டு அரசே பொறுப்பு என்று தீர்த்தது. அக்குழுவிடம் முறையிடும் வழியை இலங்கையும் 2002 இல் ஏற்றுக்கொண்டுள்ளது. வாகனம் வராதது விதியன்று, உரிமை மீறல் என்பதே அத்தீர்ப்பின் சாரம். வாகனத்துக்குப் பொருந்தும் நீதி வள்ளத்துக்குப் பொருந்தாதோ?

மொழியைப் பற்றியும் பேசியாக வேண்டும். சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் தமிழிலே அரசுடன் தொடர்புகொள்ளவும் தமிழிலே மறுமொழி பெறவும் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிடும் தாள் அதனுள் அடங்காதா? தனக்குள்ள ஆபத்தையும் மாற்று வழியையும் தாய்க்கு எடுத்துச் சொல்லாமல் பெறும் சம்மதம் நிறைவான சம்மதமன்று என்ற நெறியைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015 இல் மொன்ற்கோமரி வழக்கிலே நிலைநாட்டியது. அவ்வழக்கே ஒரு பிள்ளைப்பேற்றிலிருந்து எழுந்ததுதான். படிக்கவியலாத தாளில் இடும் கையொப்பம் வெறும் மைக்கறை.

"மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலாது" என்று இன்றும் சிலர் கூறக் கேட்கின்றோம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு 1857 இலே மகப்பேற்று மருத்துவ நூலைத் தமிழில் தந்தார். 1867 இலே 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தந்தார். தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். கடல் கடந்து வந்த ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் செய்து முடித்ததை, இம்மண்ணின் பட்டதாரிகளாகிய நம்மவர் இன்று இயலாதென்பது மொழியின் குறையா, மனத்தின் குறையா?

உழவர் பெருமக்களே! இது மீனவர் வழக்கு மட்டுமன்று. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்கின்றீர்கள். இடும் உரத்தின் நைத்திரேற்று மணலூடாக இறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. 1980கள் முதலே ஆய்வாளர் இதனை எழுதி வருகின்றனர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பை மீறிய கிணறுகள் பலவற்றைக் கண்டுள்ளனர். அந்நீரில் கரைத்த புட்டிப்பால் கைக்குழந்தையின் குருதியில் ஒட்சிசன் ஏந்தும் ஆற்றலைக் குலைத்து, உடலை நீலம் பாயச் செய்யக்கூடும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. இச்செய்தி ஆங்கில ஏடுகளில் தூங்குகின்றது. எந்தக் கிணற்று நீரை ஆய்ந்தார்களோ, அந்தக் கிணற்றுக்காரருக்கு அதன் முடிவைத் தமிழில் தெரிவித்தவர் எத்தனை பேர்? நம் நீரையும் நம் பெண்களின் குருதியையும் அளந்து பட்டம் பெறுவோர், அளந்த கணக்கை நமக்கே ஒளிப்பது அறமன்று.

நம் அரசியல்வாதிகளையும் விடுவதற்கில்லை. வடக்கும் கிழக்கும் என்று நாவினிக்கப் பேசுவோர்க்குப் புத்தளம் வரைபடத்தின் விளிம்பாய்ப் போயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் கரை அது. 1990 இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் வந்தொதுங்கிய கரையும் அதுவே. வாக்கெண்ணிக்கை சிறிதென்றும், வாழ்வோர் பலவகையினரென்றும் எண்ணி வாளாவிருத்தல் தலைமைக்கு அழகன்று. உச்சமுனையில் எம்மொழி பேசும் பெண்ணுக்கும் மூன்று மணி நேரம் மூன்று மணி நேரமே.

எனவே நாம் கேட்பன ஐந்து. தீவுப் பெண்களுக்குத் தங்கும் இல்லமும் எக்காலமும் ஆயத்தமாய் நிற்கும் வைத்தியப் படகும் வேண்டும். கரையோர மருத்துவிச்சி ஒவ்வொருவரிடமும் குருதிப்பெருக்கைக் கண்டறியும் கருவியும், அதற்குரிய மருந்தும், பயிற்சியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தாய் மரணத்தின் விசாரணையிலிருந்தும் பெறும் படிப்பினை, பெயர் நீக்கி, பிரதேச வாரியாகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும். சம்மதத் தாள் தாயின் மொழியில் இருக்க வேண்டும். கிணறுகளின் ஆய்வு முடிவு கிணற்றடிக்கே வர வேண்டும்.

இவற்றுள் எதுவும் கருவூலத்தைக் காலியாக்காது. மருத்துவர்கள் தாம் அறிந்ததைத் தமிழில் எழுதுக. வழக்கறிஞர்கள் கட்டணம் நோக்காது மனுக்களை வரைக. உழவரும் மீனவரும் தம் சங்கங்களில் தீர்மானம் நிறைவேற்றிப் பிரதேச சபைக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அனுப்புக. அனுப்பியதற்கு எழுத்தில், தமிழில், மறுமொழி கோருக. அடுத்த சோளகம் எழுமுன் அந்த மறுமொழி வரவேண்டும். வாராதெனில், வாராமையையே சான்றாகக் கொண்டு நீதிமன்றப் படியேற நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.