உடலிடம் குறி கேட்பவர்கள்

கொங்குநாட்டில் குறி கேட்பதற்குப் பஞ்சமில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலங்களாக மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்கிறோம். பிள்ளையில்லாதவர்கள் கொடுமுடிக்கு வந்து காவிரியில் மூழ்கி, மகுடேசுவரர் கோயிலில் நாகர் பிரதிஷ்டை செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த நம்பிக்கைகளோடு எனக்குச் சண்டையில்லை. பூவுக்கு வலிக்காது, கல்லை யாரும் குறுக்குவிசாரணை செய்வதில்லை. ஆனால் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டு வீடு திரும்பிய பெண்ணின் உடலையே பூப்பொட்டலமாக்கிப் பிரித்துப் பார்க்கிறோமே, அதனோடுதான் சண்டை.

ஆய்வகத்தில் வளர்த்த கருவைக் கருப்பைக்குள் வைத்த நாளிலிருந்து இரத்தப் பரிசோதனை வரை ஏறத்தாழ இரண்டு வாரம். "ஏங் கண்ணு, தலை சுத்துதா? கொமட்டுதா?" என்று காலையில் மாமியார் கேட்பார், மாலையில் பக்கத்து வீடு கேட்கும். மார்பு வலித்தால் வீட்டில் மகிழ்ச்சி, வலி அடங்கினால் துக்கம். அந்நாட்களில் அவளுக்குத் தரப்படும் புரொஜெஸ்ட்ரோன் மருந்தே மார்பு வலியையும் வயிற்று உப்பலையும் அசதியையும் உண்டாக்கும் என்பதை இவர்களில் யாரும் அறிய விரும்புவதில்லை. கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் அந்த மருந்து அதன் வேலையைச் செய்யும். எந்த அறிகுறியும் இல்லாமல் கருவுற்றவர்கள் உண்டு. எல்லா அறிகுறியும் இருந்து ஏமாந்தவர்களும் உண்டு. இலேசான இரத்தக்கசிவும் முடிவைச் சொல்வதில்லை. அதைக் கண்டு மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது. அவசரப்பட்டு வாங்கும் சோதனைக் குச்சியும் பொய் சொல்லலாம். முட்டை முதிர்வதற்காகப் போட்ட எச்சிஜி ஊசியின் மிச்சம் சில நாட்கள் உடலில் தங்கி, இல்லாத கருவுக்குக் கோடு காட்டும்.

குறி பார்ப்பவர்கள் மெய்யான எச்சரிக்கையைத் தவறவிடுவதுதான் கொடுமை. வயிறு வேகமாக வீங்கி, மூச்சுத் திணறி, சிறுநீர் குறைந்தால் அது சினைப்பை மிகைத்தூண்டலாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும். "வயிறு கனக்குது, தங்கிடுச்சு" என்று திருஷ்டி கழிக்கும் வீட்டில் அந்தப் பெண்ணின் உயிருக்கு யார் பொறுப்பு?

அடுத்தது படுக்கை. எழுந்தால் கரு விழுந்துவிடும் என்பது நம் வீடுகளின் அசைக்கமுடியாத சித்தாந்தம். கருமாற்றத்திற்குப் பிறகு படுக்கை ஓய்வு பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த ஓய்வில் அக்கறை கொஞ்சம்தான்; மிச்சமெல்லாம் நாளைய குற்றப்பத்திரிகைக்கான முன்னேற்பாடு. முடிவு தோல்வியானால், "அன்னிக்கு நீ குடத்தைத் தூக்கினே" என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டுமல்லவா?

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், வெற்றி வாய்ப்பையும் பக்கவிளைவுகளையும் தம்பதியருக்கு ஆலோசனை வழியாக விளக்கும் கடமையை மருத்துவமனைகளுக்கு விதித்திருக்கிறது. மருந்துச்சீட்டோடு நான்கு வரி தமிழில் அச்சிட்டுத் தர எவ்வளவு செலவாகும்? அந்த நான்கு வரியைப் பெண்ணிடம் தருவதைவிடக் கூட வந்தவர்களிடம் தருவது இன்னும் நல்லது.

இலக்கிய வாசகர்களாகிய நாமும் தப்பமுடியாது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2015இல் கருத்துச் சுதந்திரம் பற்றி வாய் ஓயாமல் பேசினோம். 2016இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டாடினோம். பேசவேண்டியதுதான். ஆனால் திருச்செங்கோட்டுத் தேர்நோம்பியின் பதினான்காம் நாளுக்குப் பொன்னாவைக் கொண்டுபோய் நிறுத்தியது ஊரின் ஓயாத கேள்விதான் என்பதை எத்தனை பேர் பேசினோம்? இன்றைய பொன்னாவுக்கும் ஒரு பதினான்காம் நாள் இருக்கிறது. திருவிழா ஆய்வகத்துக்கு மாறியிருக்கிறது, கேட்கிற வாய் மாறவில்லை. குளிர்சாதன அறையும் கண்ணாடிக் குடுவையும் இலக்கியத்துக்கு உகந்தவையல்ல என்று நினைக்கும் விமர்சகர்கள், அந்த இரண்டு வாரம் ஒரு வீட்டில் நிலவும் மௌனத்தை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இரத்தப் பரிசோதனை சொல்லும்வரை அந்த உடல் எவருக்கும் எந்தப் பதிலும் கடன்படவில்லை. சுற்றியிருப்பவர்கள் அந்த இரண்டு வாரமும் செய்யக்கூடிய பெரிய உதவி, கேட்காமல் இருப்பது.