எந்தப் போர் பெரிய போர்?

மாசாணியம்மன் கோயில் பக்கத்து டீக்கடையில் மறுபடியும் அதே சண்டை. இரண்டாம் உலகப் போரைத் தீர்மானித்தது ஸ்டாலின்கிராடா, நார்மண்டியா? "ஏனுங்க சார், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, நீங்களே சொல்லுங்க" என்றார்கள். எனக்கு அங்கே போதித்தது வெர்டன். அது முந்தைய போர்.

ஐரோப்பாவை விடுங்கள் என்றேன். நம் நாட்டு வாசலுக்கே வந்த போர் பர்மாப் போர். 1944இல் இம்பாலிலும் கோகிமாவிலும் ஜப்பானியரைத் தடுத்தார்களே, அதற்கு முன்பே ஒரு போர் நடந்தது, கொசுவோடு! 1943இல் காயம்பட்டு வெளியேறிய ஒருவனுக்கு, நோயால் வெளியேறியவர்கள் 120 பேர் என்று தளபதி ஸ்லிம்மே எழுதியிருக்கிறார். கொயினாவின் பெரும்பகுதி வந்த ஜாவாவோ 1942 மார்ச்சில் ஜப்பானிடம் போய்விட்டது. ஸ்லிம் மெபாக்ரின் மாத்திரையைத் தினமும் விழுங்க வைத்தார். படையை விழுங்க வைக்காத அதிகாரிகள் மூன்று பேரைப் பதவியை விட்டே தூக்கினார். அதன் பிறகுதான் படை நிமிர்ந்தது.

"பட்டாளத்துக்கு மாத்திரை கிடைச்சுது, சரி. உங்க ஆனைமலைக்கு இதுல என்னங்க?" என்று மடக்கினார் வாத்தியார். நியாயமான கேள்வி. ஊர் ஜனத்துக்குக் கொயினாதான் மருந்து. 1943 வங்கப் பஞ்சத்தில் அது போதாமல் மலேரியாவிலும் மடிந்தார்கள். மேலே, வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறதே, அது வெள்ளைக்காரன் அரசாங்கம் கொயினாப் பட்டைக்காக மரம் நட்ட இடம். காட்டை வெட்டி அந்த மரத்தை நட்ட கூலிகளின் பெயர் எந்தப் போர் நினைவுக் கல்லில் இருக்கிறது?

வாத்தியார் இன்னும் ஸ்டாலின்கிராட் என்றுதான் சொல்கிறார்.